சின்ன சில்லர் போதும்னு சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய கட்டிடங்கள்ல ஏசிக்கு ஆகுற கரண்ட்ட எப்படி குறைக்கலாம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். ரெண்டு டிகிரி ஏத்தி வைங்க, கதவ சாத்துங்க, பழைய சில்லர (ஏசிக்கு தண்ணிய குளிர வச்சு அனுப்பற பெரிய மெஷின்) தூக்கிட்டு புதுசு போடுங்க, எல்லாம் சரிதான், ஆனா அந்தப் புதுசு எவ்ளோ பெருசா இருக்கணும்ங்கறத பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் 22 வருஷமா சில்லர் இருக்கிற பிளாண்ட் ரூம்லயே கிடக்கறவன், யாரும் எழுத மாட்டேங்கறாங்களேன்னு நானே எழுதிடறேன். நீளமா போனா வெட்டிக்கோங்க, நடுவுல இருக்கிற கணக்க மட்டும் விட்டு வைங்க.

மொதல்ல சத்தத்த சொல்றேன். நல்லா ஓடற சில்லர் ராத்திரி பூரா ஒரே சீரா உறுமிட்டு இருக்கும், கொஞ்ச நேரத்துல அது நம்ம காதுலயே விழாது. எங்க சில்லர் அப்படி இல்ல. மோட்டாருக்கு கரண்ட் விடற சுவிட்ச், அந்த காண்டாக்டர் டமார்னு விழும், கம்ப்ரசர் எழும்பும், ரெண்டரை நிமிஷம் ஓடும், தண்ணி குளிர்ந்தாச்சுன்னு நின்னுடும், நாலு நிமிஷம் கழிச்சு மறுபடி டமார். விடிய விடிய இதேதான். இதுக்குத்தான் ஷார்ட் சைக்கிளிங்னு பேரு. மேல ஆபீஸ்ல இருக்கறவங்ககிட்ட சொன்னா, மெஷின் நல்லா பவரா இருக்கு போல, டக்குனு குளிர வச்சுட்டு ரெஸ்ட் எடுக்குது, கரண்ட் மிச்சம்தானேன்னு சிரிக்கறாங்க. சார், அது ரெஸ்ட் எடுக்கல, மூச்சு முட்டுது.

ஏன்னா ஒவ்வொரு ஸ்டார்ட்டும் மோட்டாருக்கு ஒரு அடி. நேரா லைன்ல போட்டா ஓடற கரண்ட்ட மாதிரி ஆறு எட்டு மடங்கு இழுக்கும், ரெண்டு கட்டமா ஸ்டார்ட் பண்ற ஸ்டார் டெல்டா இருந்தா அதுல மூணுல ஒரு பங்கு, அப்பவும் சும்மா இல்ல. அந்த சூடு மோட்டாரோட கம்பிச் சுருள, அதான் வைண்டிங்க விட்டு வெளிய போக நேரம் வேணும். பெரிய மோட்டார்னா குளிர்ந்து இருக்கறப்ப அடுத்தடுத்து ரெண்டு ஸ்டார்ட், சூடா இருக்கறப்ப ஒரே ஒரு ஸ்டார்ட், அதுக்கு மேல ஆற விடணும்னு மோட்டார் ஸ்டாண்டர்டே சொல்லுது. மோட்டார் வேகத்த மெதுவா ஏத்தற விஎஃப்டி வச்ச மெஷினுக்கு இந்த கரண்ட் அடி கிடையாது, ஒத்துக்கறேன், ஆனா ஆயில் இருக்கிற மெஷினுக்கெல்லாம் ஆயில் கதை ஒண்ணுதான். மெஷின் நிக்கறப்ப குளிர வைக்கற கேஸ் ஆயிலோட கலந்து போயிடும், திடீர்னு ஸ்டார்ட் ஆகி பிரஷர் இறங்கினதும் அந்த கேஸ் கொதிச்சு ஆயில் நுரை நுரையா பொங்கி கம்ப்ரசர விட்டு வெளிய போயிடும், போன ஆயில் திரும்பி வர கொஞ்ச நேரம் மெஷின் ஓடியாகணும், நம்ம மெஷின் ஓடறதே ரெண்டரை நிமிஷம், அது எப்ப வரும்? ஆயில் லெவல் கம்மின்னு அலாரம் வரும், யாராவது ஒருத்தர் ஆயில் ஊத்துவாரு, அப்புறம் ஒரு நாள் மெஷின் தொடர்ந்து ஓடறப்ப போன ஆயிலும் சேர்ந்து வந்து நிக்கும், இப்ப ஆயில் ஜாஸ்தி. இந்த கூத்த நான் எத்தனையோ தடவ பார்த்துட்டேன்.

ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் நிம்மதி இல்ல. கம்ப்ரசர் நிக்கறப்ப பைப்புல தண்ணி சூடேறுது, காத்த குளிர வைக்கற காயில் மேல படிஞ்சிருந்த ஈரம் எல்லாம் மறுபடி காத்துல கலந்து உள்ள போகுது, டிகிரி என்னவோ 24தான் காட்டும் ஆனா உடம்பு பிசுபிசுன்னு இருக்கும். உடனே இன்னும் குறைச்சு வைன்னு போன் வரும்.

சரி, இவ்ளோ பெரிய மெஷின் எப்படி வந்துச்சு? யாரும் வேணும்னு தப்பு பண்ணல, எல்லாரும் பயத்துல ஆளுக்கு ஒரு கை போட்டாங்க, அவ்ளோதான். கட்டிடத்துக்கு நிஜமா 130 டன் வேணும்னு வைங்க, கணக்கு போட்டவர் எதுக்கும் இருக்கட்டும்னு 20 சதவீதம் சேர்த்து 156 ஆக்கினாரு, அடுத்து வந்த கான்ட்ராக்டர் நம்ம தலைல விழக்கூடாதுன்னு இன்னொரு 15 சதவீதம், 179 ஆச்சு, அந்த சைஸ்ல மாடல் இல்ல, அடுத்தது 200, அதுவே வந்து இறங்கிடுச்சு. அப்புறம் லைட்டு எல்லாம் எல்இடி ஆச்சு, லைட்டு தின்ன கரண்ட் அத்தனையும் சூடாத்தானே ரூமுக்குள்ள வந்துட்டு இருந்துச்சு, அதுவும் குறைஞ்சுது. (டன்னுன்னா மெஷின் எடைன்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகறதுக்கு இழுக்கற சூடு, அதுதான் இந்த டன், கணக்குல 3.517 கிலோவாட்.)

இப்ப கத்திரி வெயில் நாள்ல, உச்சி நேரத்துல கூட எங்களோட 200 டன் மெஷின் முழுசா ஓடினத நான் பார்த்ததே இல்ல. இது எங்க கட்டிடத்துக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. சில்லரோட வருஷ சராசரி எஃபிஷியன்சிக்கு ஐபிஎல்வின்னு ஒரு நம்பர் போடுவாங்க, கேட்லாக்ல பெருசா போட்டிருக்கும், அந்த ஃபார்முலாவுல ஃபுல் லோடுக்கு 1 சதவீதம்தான் மதிப்பு, 75 லோடுக்கு 42, 50 லோடுக்கு 45, 25 லோடுக்கு 12. மெஷின் செய்யறவங்களுக்கே தெரியும் பாருங்க இது முழுசா ஓடப்போறதில்லன்னு. அதுல இன்னொரு விஷயம், 25க்கு கீழ அந்த ஃபார்முலாவுல பாயிண்ட்டே கிடையாது, எங்க சில்லர் ராத்திரி வாழறது அந்த 25க்கு கீழ இருக்கிற இருட்டுல.

இனி எங்க கதைக்கு வர்றேன். இடம் பேரு வேண்டாம். 200 டன், ஸ்க்ரூ வகை, ஒரே கம்ப்ரசர். கம்ப்ரசரோட வேலைய குறைக்கற ஸ்லைடு வால்வு எவ்ளோ அன்லோடு ஆனாலும் 25 சதவீதத்துக்கு கீழ போகாது, அதாவது 50 டன். ராத்திரி லோடு 20 டன், சர்வர் ரூமும் அங்கங்க ரெண்டு ஏஹெச்யூவும் (குளிர்ந்த காத்த ரூமுக்கு ஊதற யூனிட்). மிச்சம் 30 டன் எங்க போகும்? தண்ணியத்தான் குளிர வைக்கும். செட் பாயிண்ட்ட (தண்ணி எத்தனை டிகிரில இருக்கணும்னு வைக்கற அளவு) சுத்தி 2 டிகிரி ஏறி இறங்க விடற பேண்ட் வச்சிருந்தாங்க, லூப்ல, அதாவது சில்லருக்கே திரும்பி வர்ற பைப் சுத்துல, ராத்திரி சுத்தற தண்ணி ஒரு 2,000 லிட்டர். 30 டன்னுன்னா 105 கிலோவாட், 2,000 லிட்டர 2 டிகிரி இறக்க அதுக்கு ரெண்டரை நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல போதும். நின்ன பிறகு 20 டன் லோடு அதே தண்ணிய 2 டிகிரி ஏத்த நாலு நிமிஷம். மொத்தம் ஆறரை நிமிஷத்துக்கு ஒரு ஸ்டார்ட், மணிக்கு 9, பத்து மணி நேர ராத்திரிக்கு 90. நான் காதால கேட்ட சத்தத்துக்கு கணக்கு அப்படியே வந்து உக்காந்துச்சு, அன்னைக்கு எனக்கு ஒரே சந்தோஷம், பைத்தியம் மாதிரி சிரிச்சேன்.

இப்படி ஆகக்கூடாதுன்னுதான் சில்லர்ல ஒரு டைமர் வச்சு அனுப்பறாங்க, ஒரு ஸ்டார்ட்டுக்கும் அடுத்த ஸ்டார்ட்டுக்கும் நடுவுல இவ்ளோ நேரம் இருக்கணும்னு. எங்களது 15 நிமிஷம். அப்ப எப்படி மணிக்கு 9 ஸ்டார்ட்னு கேப்பீங்க. டைமர் இருந்தா மெஷின் காத்திருக்கணும், காத்திருக்கறப்ப தண்ணி நாலு நாலரை டிகிரி ஏறிடுது, சர்வர் ரூம்ல இருந்து கம்ப்ளைண்ட், மேலிருந்து ஒரே கேள்வி, உங்களுக்கு மெஷின ஓட வைக்கத் தெரியுமா தெரியாதா? எனக்கு முன்னாடி ஷிஃப்ட் பார்த்த யாரோ திட்டு தாங்க முடியாம டைமர்ல ஒரு துண்டு ஒயர போட்டு பைபாஸ் பண்ணிட்டாரு. அவர நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்துல அவருக்கு வேலை முக்கியம். ஆனா குதிர கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா, அந்த ஒயர் போட்ட பிறகுதான் காண்டாக்டர் கருக ஆரம்பிச்சுது.

சர்வீஸ்க்கு வந்தவங்க ஒருத்தர் கண்ட்ரோல் கார்டு போச்சுன்னாரு, ஒருத்தர் கம்ப்ரசரே மாத்தணும்னாரு, ஒருத்தர் கேஸ் கம்மின்னு கேஸ் ஏத்திட்டு போனாரு. ஒருத்தர் கூட பேனல்ல இருக்கிற ரெண்டு நம்பர பார்க்கல. ரன் ஹவர்ஸ், ஸ்டார்ட்ஸ். எங்களதுல 6,000 மணி நேரம், 48,000 ஸ்டார்ட். வகுத்துப் பாருங்க, ஒரு தடவ ஸ்டார்ட் ஆனா சராசரியா ஏழரை நிமிஷம் ஓடியிருக்கு, பகல்ல தொடர்ந்து ஓடறதையும் சேர்த்துதான் இந்த ஏழரை. இந்த ஒரு வகுத்தல் கணக்க போட டூல்ஸ் வேணாம், பெரிய படிப்பு வேணாம், கட்டிடத்து ஓனரே கீழ இறங்கி வந்து செல்போன்ல போட்டுக்கலாம்.

அதே நேரம் நின்னு நின்னு ஓடற சில்லர் எல்லாமே ஓவர்சைஸ்னு முடிவு கட்டிடாதீங்க, அதுவும் தப்பு. மெஷின் எதனால நின்னுச்சுன்னு மொதல்ல பாருங்க. செட் பாயிண்ட் வந்துடுச்சு, தானா நின்னுச்சுன்னா நான் சொல்ற கதை. அலாரம் அடிச்சு ட்ரிப் ஆகி நின்னா வேற கதை, அதுக்கு நான் பின்னாடி சொல்லப்போற தண்ணி டேங்க்கு வாங்கி பிரயோஜனம் இல்ல. லோ பிரஷர்ல ட்ரிப்னா கேஸ் லீக்கா இருக்கலாம், கேஸ அளந்து விடற எக்ஸ்பான்ஷன் வால்வா இருக்கலாம், இல்ல தண்ணி வடிகட்டற ஸ்ட்ரெய்னர் அடைச்சு, தண்ணி குளிர்ற எவாப்பரேட்டருக்கு தண்ணியே சரியா போகாம இருக்கலாம், அந்த கடைசி பிரச்சனைக்குப் போய் கேஸ் ஏத்தினா என்ன ஆகும்? ஹை பிரஷர்னா சூட்ட வெளிய தள்ளற கண்டென்சர்ல உப்பு படிஞ்சிருக்கும் இல்ல கூலிங் டவர்ல ஏதோ. தண்ணி ஓடுதான்னு பார்க்கற ஃப்ளோ ஸ்விட்ச் துடுப்பு ஆடிட்டே இருந்தாலும் மெஷின் விட்டு விட்டு நிக்கும். சென்சார மறந்துடாதீங்க. ஒரு இடத்துல ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டு கடைசில பார்த்தா டெம்பரேச்சர் சென்சார் அதோட குழிய விட்டு வெளிய வந்து பைப் மேல டேப் போட்டு தொங்கிட்டு இருக்கு, தண்ணி குளிர்ந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அதுக்கு செய்தியே போகுது, அதுக்குள்ள தண்ணி 4 டிகிரிக்கு போயி ஃப்ரீஸ் ட்ரிப்.

இன்னொன்னு, இதுல நான் கூட ஏமாந்தேன். எங்க கட்டிடத்து பைப்புல மொத்தம் கிட்டத்தட்ட 8,000 லிட்டர் தண்ணி இருக்கு, கணக்குப்படி இவ்ளோ மோசமா சைக்கிள் ஆகவே கூடாது. அப்புறம் ட்ராயிங்க எடுத்துட்டு பைப்ப தொட்டுட்டே நடந்தேன். ராத்திரி அந்த ரெண்ட தவிர மத்த ஏஹெச்யூ வால்வு எல்லாம் மூடிக்குது, பம்ப்பு தள்ற தண்ணி பிளாண்ட் ரூம் பக்கத்துலயே இருக்கிற பைபாஸ் வழியா திரும்பி சில்லருக்கே வந்துடுது. மேல மாடியில இருக்கிற தண்ணி எல்லாம் சும்மா நிக்குது, அது இருந்தும் இல்லாத மாதிரிதான். சில்லருக்கு தெரியற தண்ணி அந்த 2,000 மட்டும். அந்த பைபாஸ், பைப்பு முடியற கடைசில தூரமா இருந்திருந்தா பாதி பிரச்சனை வந்தே இருக்காது. கட்டறப்பவே யோசிச்சா செலவில்லாத விஷயம், இப்ப பைப் வெட்டணும்.

என்ன பண்ணோம்னு சொல்றேன். செலவில்லாதத மொதல்ல பண்ணோம். அந்த ஒயர புடுங்கினேன், அதுக்கு முன்னாடி பேண்ட் 2 டிகிரில இருந்து 4 ஆக்கினேன், ராத்திரி செட் பாயிண்ட் 7ல இருந்து 9க்கு ஏத்தினேன், 20 டன் லோடுக்கு 7 டிகிரி தண்ணி எதுக்கு, எடுக்க வேண்டிய ஈரமும் கம்மி. பேண்ட் ரெண்டு மடங்கு ஆனதும் சைக்கிளும் ரெண்டு மடங்கு, 13 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஸ்டார்ட் ஆனதும் மெஷின் மளமளன்னு லோடு ஏத்திக்கிட்டு 60, 70 சதவீதத்துக்கு போயிட்டு அப்புறம் ஐயோ ஜாஸ்தியாச்சேன்னு இறங்கும், அந்த லோடிங் ரேட்ட மெதுவா ஆக்கினோம். கட்டிடம் பூராவையும் கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், அந்த பிஎம்எஸ் தனியா ஒரு ஆன் ஆஃப் கமாண்டு குடுத்துட்டு இருந்துச்சு, சில்லரோட சொந்த கண்ட்ரோலர் ஒண்ணு சொல்லும் பிஎம்எஸ் ஒண்ணு சொல்லும், மாமியார் மருமக மாதிரி ரெண்டும் இழுத்துக்கிட்டு கிடந்துச்சு, பிஎம்எஸ்ஸ டைம் ஷெட்யூலோட நிறுத்தி வச்சோம். சில்லர் நின்னாலும் சில்டு வாட்டர் பம்ப்பு ஓடிட்டே இருக்கணும், சில பேர் அத நிறுத்தி வைக்கறாங்க மிச்சம் பிடிக்கறதா நினைச்சு, தண்ணி நகரலைன்னா சென்சாருக்கு என்ன தெரியும்.

இதுக்கு மேல தண்ணிதான் வழி. மெஷினோட குறைஞ்ச கெப்பாசிட்டில இருந்து குறைஞ்ச லோட கிலோவாட்ல கழிங்க, எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓடணுமோ அத செகண்டாக்கி அதால பெருக்குங்க, எத்தனை டிகிரி ஏறி இறங்க விடுவீங்களோ அதாலயும், தண்ணிக்கு உண்டான 4.19 ஆலயும் வகுங்க, தேவையான தண்ணி வந்துடும். எங்களுக்கு 105 கிலோவாட், 10 நிமிஷம், 3 டிகிரின்னு போட்டா 5,000 லிட்டர். இருக்கறது 2,000, அதனால 3,000 லிட்டர் பஃபர் டேங்க். சாதாரண ஏசிக்கு டன்னுக்கு 11, 12 லிட்டராவது லூப்ல இருக்கணும், நுணுக்கமா டெம்பரேச்சர் புடிக்கணும்னா அதுல ரெண்டு மூணு மடங்குன்னு பொதுவா கம்பெனி மேனுவல்லயே ஒரு அளவு குடுப்பாங்க, அந்த அளவுல நாங்க பாஸ் ஆகல, 200 டன்னுக்கு 2,000. டேங்க் கேட்டு ஒன்றரை வருஷம் அலைஞ்சேன், வெறும் தண்ணித் தொட்டிக்கு காசான்னு கேட்டாங்க, அதே நேரத்துல காண்டாக்டர் ரெண்டு தடவ மாத்தியாச்சு, அதுக்கு யாரும் கேள்வி கேட்கல. வந்த டேங்க்கும் உள்ள தடுப்பு இல்லாம வந்துச்சு, உள்ள வர்ற பைப்பும் வெளிய போற பைப்பும் பக்கத்து பக்கத்துல, தண்ணி குறுக்கால ஓடி வெளிய போயிடும், திருப்பி அனுப்பி தடுப்பு போட வச்சோம். இப்ப 5,000 லிட்டர், 4 டிகிரி பேண்ட், 13 நிமிஷம் ஓடுது 20 நிமிஷம் நிக்குது, 90 ஸ்டார்ட் இருந்த ராத்திரிக்கு 18.

ஹாட் கேஸ் பைபாஸ் (கம்ப்ரசர விட்டு வர்ற சூடான கேஸ்ல கொஞ்சத்த திருப்பி விடறது) போடலாமேன்னு கேக்கறவங்க இருக்காங்க. போடலாம், மெஷின் நிக்காம ஓடும், ஆனா அது செய்யறது என்னன்னா இல்லாத லோட இருக்கற மாதிரி நடிக்க வைக்குது, குளிர உண்டாக்கி அத அங்கயே சூடு போட்டு அழிக்கற வேலை. தலைவலி போயி திருகுவலி, வலி கரண்ட் பில்லுல தெரியும். வேற வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்தான் அதுங்கறது என் கட்சி. வேகமா சுத்தற சக்கரத்தால கேஸ தள்ளற சென்ட்ரிஃப்யூகல் வகை மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு கூடவே சர்ஜ் தொல்லையும் உண்டு, லோடு இறங்கறப்ப கேஸ் பின்னாடி அடிச்சு மெஷின் உறுமும், அவங்க கூலிங் டவர் தண்ணிய மெஷின் தாங்கற அளவுக்கு குளிர்ச்சியா விட்டா கம்ப்ரசர் கேஸ ஏத்த வேண்டிய பிரஷர் குறையும், கொஞ்சம் அடங்கும்.

இவ்ளோத்தையும் நான் எழுதறதுக்கு காரணம் எங்க சில்லருக்கு வயசாச்சு, அடுத்து புதுசு வாங்கப் போறாங்க, டெண்டர் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தேன். 200 டன். பழசு 200, அதனால புதுசும் 200. பேர்ப்பலகைய பார்த்து காப்பி அடிச்சிருக்காங்க, அளந்து பார்க்கல. அளக்கறது பெரிய வித்தையும் இல்ல, செகண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணி ஓடுதோ அத 4.19 ஆல பெருக்கி, போற தண்ணிக்கும் வர்ற தண்ணிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதாலயும் பெருக்கினா கிலோவாட், அத 3.517 ஆல வகுத்தா டன். செகண்டுக்கு 20 லிட்டர், 3 டிகிரி வித்தியாசம்னா 71 டன். இத ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒரு வருஷம் எழுதி வச்சிருக்கேன், லாக் புக் மூணு ஆச்சு. பகல்ல 110 டன்ன தாண்டினது விரல் விட்டு எண்ணிடலாம். 70ல ஒண்ணும் 60ல ஒண்ணும் போட்டா பகல் பூரா ரெண்டும் ஓடும், ராத்திரி 60 மட்டும் ஓடும், அதுவும் நல்லா இறங்கற மெஷினா பார்த்து எடுத்தா 15 டன் வரைக்கும் நிக்காம ஓடும், ஒண்ணு ரிப்பேர் ஆனாலும் கட்டிடம் முழுசா சாகாது. இத மீட்டிங்ல சொன்னேன். நாளைக்கு பத்தலைன்னா யார் பொறுப்புன்னு கேட்டாங்க. ஜாஸ்தியா போனா யார் பொறுப்புன்னு நான் திருப்பிக் கேட்டேன், ரூம்ல யாரும் பேசல.

அதனாலதான் உங்களுக்கு எழுதறேன். அடுத்த தடவ சில்லர் மாத்தறத பத்தி கட்டுரை போட்டா, பழைய மெஷினோட ரன் ஹவர்ஸையும் ஸ்டார்ட்ஸையும் பார்த்தீங்களான்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க, எங்க ஆபீஸ்ல எல்லாரும் உங்க பேப்பர்தான் படிக்கறாங்க. டெண்டர் இன்னும் திறக்கல. என் லாக் புக்க யாரும் இன்னும் கேட்கல, மேஜை மேலதான் இருக்கு.

இப்படிக்கு,
ராத்திரி ஷிஃப்ட் சில்லர் ஆபரேட்டர் ஒருவன்
(பேரு போட வேண்டாம்)